புரொப்பெல்லரைக் கடைசியில் மாட்டுங்கள்

நான் கை அறுவை சிகிச்சை மருத்துவர். காயம்பட்ட கையை மேசைமேல் வைத்தாலே, அதை வெட்டியது எது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ரம்பம் ஒரு மாதிரி வெட்டும், கண்ணாடி ஒரு மாதிரி, கதவிடுக்கு வேறு மாதிரி. அன்று இரவு பதினொரு மணிக்கு வந்தவருடைய வலது கையில், உள்ளங்கைப் பக்கமாக, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்கே சீப்பை வைத்து இழுத்ததுபோல் நான்கு வெட்டுகள். ஒன்றுக்கொன்று இணையாக இருந்தன. நடுவில் ஏறத்தாழ ஒரே இடைவெளி, ஒரு சென்டிமீட்டர்.

"டேபிள் ஃபேனா?" என்று கேட்டேன்.

"இல்லை டாக்டர், மஸ்டாங்."

பக்கத்தில் நின்ற செவிலியர் ஏதோ கார் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-51 மஸ்டாங்கின் ஐந்தில் ஒரு பங்கு மாடல், ரிமோட்டில் பறப்பது. அதே அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் மூன்று வருடமாக என் வீட்டு மாடி அறையில் ஒற்றை இறக்கையோடு கிடக்கிறது. ஆகவே இதை மருத்துவராக மட்டும் எழுதவில்லை, அதே பைத்தியம் பிடித்தவனாகவும் எழுதுகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியும்படியான விவரங்களை விட்டுவிட்டேன்.

இந்த அளவு மாடல்களைப் பார்க்காதவர்கள் பொம்மை என்று நினைப்பார்கள். அசல் மஸ்டாங்கின் இறக்கை முனையிலிருந்து முனைக்கு 11.28 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 2.25 மீட்டர், சாதாரண அறைவாசலில் நேராக நுழையாது. எடை 10 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே மொபெட்டுக்குப் போதுமான 50, 60 சிசி பெட்ரோல் எஞ்சின் இருக்கும், அல்லது 12 செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஓடும் மோட்டார் இருக்கும். மூக்கில் 20, 22 அங்குலப் புரொப்பெல்லர்.

ஆனால் கிட் பெட்டியைத் திறக்கும் நாளில் இது எதுவும் கண்ணில் படாது. லேசரில் வெட்டிய பிளைவுட் சட்டங்கள், பால்சா என்கிற லேசான மரத்தின் தகடுகள், சுருட்டி வைத்த வரைபடம், அவ்வளவுதான். வரைபடத்தை மேசையில் விரித்து, பசை ஒட்டாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு, குண்டூசி குத்தி, இறக்கைக்கு விலா எலும்புபோல இருக்கும் ரிப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தால், அது விமானம் என்று சொல்லும்படி ஆவதற்கே மாதக்கணக்காகும். அத்தனை மாதமும் அது மரம்தான். மரத்தைத் தொடுவதுபோலத்தான் அதைத் தொடுகிறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடம் சமமாகிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலும் தப்பிவிடும். விரல் நுனிதான் சொல்லும். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு தாள் கனத்துக்கு மேடு இருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் மூக்கை ஒரு தடவை தடவிவிட்டுப் போகாதவர் யாரும் இருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் ஒரு நாள் மாலையில் மோட்டாரை மாட்டி, பேட்டரியைச் செருகுகிறோம். அந்த நிமிடத்திலிருந்து அது மரம் இல்லை. மூளைக்கு இது தெரியும். கைக்குத் தெரியாது.

அவருக்கு நடந்தது இதுதான். மறுநாள் காலையில் முதல் பறப்பு. இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் சரியான பக்கம் அசைகின்றனவா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க உட்கார்ந்தார். புரொப்பெல்லர் அன்று மத்தியானமே மாட்டியாகிவிட்டது. எதற்கு என்று கேட்டேன். போட்டோ எடுக்க. ரிமோட்டில் வேறொரு பழைய விமானத்தின் அமைப்பு தேர்வாகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த விமானத்துக்கு வேகக் குச்சியின் திசை தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியைச் செருகினார், மோட்டார் பேசாமல் இருந்தது. எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டார். உண்மையில், குச்சி கீழே இருப்பதை முழு வேகம் என்று எடுத்துக்கொண்ட வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, கிளம்ப மறுத்து நின்றுகொண்டிருந்தது. ஏன் சத்தமே இல்லை என்று அவர் குச்சியை மேலே தள்ளினார். கருவிக்கு அது பூஜ்யம், உடனே விழித்துக்கொண்டது. வம்பு வேண்டாம் என்று குச்சியைக் கீழே இழுத்தார். முழு வேகம்.

மாடல் ஸ்டாண்டிலிருந்து எகிறி அவரை நோக்கி வந்தது. இடது கையில் ரிமோட். வலது கை என்ன செய்யும்? விழப்போகிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி மூக்கைப் பிடிக்கப் போனது. அதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றரை வருடம் கட்டிய ஒன்று மேசையிலிருந்து விழும்போது கையை நீட்டாமல் இருக்க யாராலும் முடியாது. கை நீளும் என்று தெரிந்துகொண்டுதான் நாம் ஏற்பாடு செய்யவேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 22 அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் அதன் முனை விநாடிக்கு 175 மீட்டர், அதாவது மணிக்கு 630 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டு இலை என்பதால் ஒரே இடத்தை விநாடிக்கு 200 தடவை இலை கடக்கும். ஆபத்து என்று தெரிந்து கையை இழுக்க நமக்கு ஐந்தில் ஒரு விநாடியாவது வேண்டும். அதற்குள் 40 தடவை. அவர் விரலில் இருந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்கும் இதுதான் காரணம். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே விநாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. நான்கோடு நின்றதற்குக் காரணம் அவருடைய சாமர்த்தியம் இல்லை, இலை கையைத் தட்டித் தள்ளிவிட்டது.

பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் விரல் பட்டதும் நின்றுபோக வாய்ப்பாவது உண்டு. மின்மோட்டார் அப்படி இல்லை. ஏதோ தடுக்கிறது என்றால் இன்னும் அதிக மின்சாரத்தை இழுத்துச் சுற்றப் பார்க்கும். சத்தம் கம்மி, புகை இல்லை, அதனால் சாது என்று நினைக்கிறோம். எனக்கு மின்மோட்டார் மேல்தான் பயம் அதிகம். பெட்ரோலுக்கு வேறு விதமான வம்பு: இக்னிஷன் அணைந்திருக்கிறது என்று நம்பிப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவது, ஓடும் எஞ்சினில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருக முன்பக்கத்திலிருந்து புரொப்பெல்லரைத் தாண்டிக் கை நீட்டுவது, கழுத்தில் தொங்கும் ரிமோட் வார் குனியும்போது உள்ளே போவது. ஊசியைத் திருக எப்போதும் இறக்கைக்குப் பின்னால் போங்கள். வாலைக் கயிற்றால் கட்டுங்கள், அல்லது ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. இலை உடைந்தால் துண்டு பறப்பது அந்தப் பக்கம்தான்.

நான் இப்போது செய்வது இது. புரொப்பெல்லர் கட்டும் அறைக்குள்ளேயே வராது. சர்வோ, சக்கரம் மடக்குதல், மோட்டார் சுற்றும் திசை எல்லாவற்றையும் அது இல்லாமலே பார்த்துவிடலாம். ரிமோட் சிக்னல் போனால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் அப்படியே, மோட்டார் ஓடும்போது ரிமோட்டை அணைத்துப் பார்க்கவேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த விமானம் தயாராகவில்லை. மற்றபடி எப்போதும் ரிமோட்டை முதலில் ஆன் செய்து, பிறகு பேட்டரி. முடிக்கும்போது பேட்டரியை முதலில் கழற்றி, பிறகு ரிமோட். திரையில் எந்த மாடலின் பெயர் இருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

புரொப்பெல்லர் அளவுக்குப் பயங்கரமாக இல்லாவிட்டாலும் என்னிடம் அதிகம் வருவது கத்திக் காயம்தான். பால்சா வெட்டும் அந்தச் சின்ன முக்கோணக் கத்தி, 11-ஆம் எண் பிளேடு, நாங்கள் அறுவை அரங்கில் வைத்திருக்கும் 11-ஆம் எண் பிளேடுக்குப் பங்காளி. குச்சியை இடது கையில் பிடித்துக்கொண்டு தன் பக்கமாக இழுத்து வெட்டும்போது வழுக்கி, இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியில் இறங்கும். வெளியே அரை சென்டிமீட்டர் கீறல், ரத்தமும் சீக்கிரம் நின்றுவிடும், பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருக்கும். அந்தப் பகுதிக்குக் கை மருத்துவத்தில் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று பெயர், போர்க்களச் சொல். ஸ்டெர்லிங் பன்னல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர் அது. 1944-இல் அமெரிக்க ராணுவத்தின் கை சிகிச்சை மையங்களை ஒழுங்குசெய்ய அழைக்கப்பட்டவர் அவர்தான். கை அறுவை சிகிச்சை தனித்துறையாக எழுந்ததே அந்தப் போரில் அடிபட்ட கைகளால். அந்தப் போரின் விமானத்தைக் கட்டப்போய் நாம் அதே இடத்தில் வெட்டிக்கொள்கிறோம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விரலின் கடைசிக் கணுவைத் தனியாக மடக்கிப் பாருங்கள். நுனியின் இரண்டு ஓரத்தையும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். மடங்கவில்லை, அல்லது ஒரு ஓரம் மரத்திருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். ஒரு மாதம் கழித்து வந்தால் ஒரு தையலில் முடிந்திருக்கவேண்டியது இரண்டு அறுவை சிகிச்சையாக மாறிவிடலாம். மரச்சிராய் ஏறினால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஆகவே 'எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒன்றுமில்லை' என்று நிம்மதி அடையவேண்டாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பசை விஷயத்தில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். சூப்பர் குளூ என்கிற சயனோஅக்ரிலேட்டும் போரின் பிள்ளைதான். 1942-இல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியவர்கள் கையில் தற்செயலாக ஒட்டிக்கொண்ட பொருள் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பிட்ஃபயரின் உடல் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர்போல இருக்கும் மெல்லிய வகையை இணைப்பில் விட்டேன். அது இடுக்கு வழியாக ஓடி என் பருத்திக் கால்சட்டையில் சொட்டியது. பருத்தி பட்டால் அந்தப் பசை படுவேகமாக இறுகும், இறுகும்போது கொதிக்கிற அளவுக்குச் சூடாகும். படித்திருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். துணியிலிருந்து புகை வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தொடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம். பருத்திக் கையுறையும் பழைய பனியன் துணியும் இந்தப் பசைக்குப் பக்கத்தில் வேண்டாம். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து உருட்டிப் பிரியுங்கள். கண்ணிமை ஒட்டினால் அசிட்டோன் அந்தப் பக்கமே போகக்கூடாது. தண்ணீரால் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

எபாக்சி இதற்கு நேர்மாறு, பொறுமையாகப் பழிவாங்கும். ஃபைபர் கிளாஸ் துணியை இறக்கைமேல் போர்த்தி வெறுங்கையால் ரெசினைத் தடவி வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாதவருக்கு, திடீரென்று ஒரு நாள் கை முழுக்க அரிப்பும் நீர்க்கொப்புளமும் வரும். ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும், பிறகு அந்த வாசனை பிடித்த அறைக்குள்கூட நுழையமுடியாமல் போகலாம். நைட்ரைல் கையுறை போடுங்கள், பிசுபிசுத்தால் மாற்றுங்கள். தோலில் பட்ட ரெசினைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், அது இன்னும் உள்ளே கொண்டுபோகும். தேய்க்கும்போது முகக்கவசம். இதில் பேச ஒன்றுமில்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் பதற்றத்தில் எல்லாரும் செய்யும் தவறு, துண்டை நேராக ஐஸில் போடுவது. அது உறைந்து வீணாகிவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். காயத்தைத் துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். தனியாக மோட்டாரைச் சோதிக்காதீர்கள் என்று சொல்வதும் இதற்குத்தான். இத்தனையும் ஒற்றைக் கையால் முடியாது.

மஸ்டாங்காரருக்கு இரண்டு தசைநாண்களையும் மூன்று நரம்புகளையும் தைத்தோம். நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு விரல் ஏறக்குறைய முழுதாக மடங்குகிறது. நரம்பு தைத்த இடத்திலிருந்து நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும், வளர்ந்தாலும் பழைய உணர்வு அப்படியே வருவதில்லை. போன முறை வந்தபோது பையிலிருந்து ஒரு பால்சாத் துண்டை எடுத்தார். புது இறக்கை முனை. மேசையிலிருந்து விழுந்ததில் பழையது உடைந்துவிட்டது. வலது ஆள்காட்டி விரலால் அதைத் தடவிக் காட்டினார்.

"எல்லா இடமும் வழுவழுன்னுதான் இருக்கு டாக்டர்" என்றார்.

பிறகு இடது கைக்கு மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விளிம்போடு தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. பென்சிலை எடுத்து அங்கே ஒரு புள்ளி வைத்தார்.