மீயொலியில் கதிர் எங்கே இருக்கிறது?

கருவுற்ற பெண்களுக்காக அச்சிட்ட கையேடு ஒன்றை என் தங்கை மகள் கொண்டுவந்து காட்டினாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். "குழந்தையின் உறுப்பு வளர்ச்சியை அறிய 20ஆவது வாரத்தில் வயிற்றில் ஊடுகதிர்ப் பரிசோதனை செய்யப்படும்" என்று அதில் போட்டிருந்தது. "பெரியம்மா, வயித்துல பிள்ளை இருக்கும்போது எக்ஸ்ரே எடுக்கக் கூடாதுன்னுதானே சொல்வாங்க? இதை வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். நன்றாகப் படித்த பெண். அவள் புரிந்துகொண்டதில் தவறே இல்லை, எழுதியிருந்ததைத்தான் புரிந்துகொண்டாள். இந்தத் தவறை நான் பார்ப்பது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இன்று எழுதியே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்தக் கையேடு சொல்ல வந்தது அல்ட்ராசவுண்ட். லத்தீனில் 'அல்ட்ரா' என்றால் அப்பால், 'சோனுஸ்' என்றால் ஒலி. மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு அப்பால் இருப்பது அல்ட்ராசவுண்ட். வயிற்றின்மேல் வைத்துக் கருவைப் பார்க்கும் கருவி பெரும்பாலும் 20 லட்சம் முதல் 50 லட்சம் ஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. மார்பகம் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் அதற்கு ஒரு கோடி ஹெர்ட்ஸ் அளவுக்கும் போவார்கள். எண் எவ்வளவு ஏறினாலும் அது ஒலிதான். கோயில் மணி எழுப்புவதும் அதே வகை அதிர்வுதான்.

தமிழில் இதற்கு மீயொலி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'மீ' என்றால் மேல், உயர்வு. வள்ளுவர் "மீக்கூறும் மன்னன் நிலம்" என்றபோது உயர்த்திச் சொல்வதற்கு இந்த முன்னொட்டைத்தான் எடுத்துக்கொண்டார். பள்ளிக் கணக்கில் மீச்சிறு பொது மடங்கு படித்தவர்களுக்கு 'மீ' புதிய எழுத்தும் அல்ல.

சரி, இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்க, ஊடுகதிர் எங்கிருந்து வந்தது? உடம்புக்குள் இருப்பதைப் படமாகக் காட்டுவது எதுவானாலும் அது கதிர்தான் என்று மொழிபெயர்ப்பவர் முடிவுகட்டிவிடுகிறார். ஊடுகதிர் தன்னளவில் அருமையான ஆக்கம். 1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர் உடலை ஊடுருவி மறுபுறம் வந்து விழுகிறது, அந்தச் செயலை அப்படியே சொல்லும் பெயர் அது. ஆனால் அது அந்த ஒன்றின் பெயர். படம் காட்டும் கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகாது.

இன்னொரு கூட்டம் 'ஒலிக்கதிர்' என்று எழுதி நடுவழியில் நிற்கிறது. ஒலி என்று சொல்லியாகிவிட்டது, அப்புறம் கதிர் எதற்கு? இயற்பியலில் ஒலி செல்லும் பாதையைக் கோடாக வரைந்து கதிர் என்று சொல்லலாம்தான். ஆனால் மருத்துவமனை வாசலில் கதிர் என்ற சொல் வேறு பொருளோடு நிற்கிறது. அங்கே கதிர் என்றால் கதிர்வீச்சு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர் சிகிச்சை. கருவைச் சுமக்கும் பெண்ணின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

அவளுடைய அச்சம் மூடநம்பிக்கையும் இல்லை. கருவுற்றிருக்கும்போது வயிற்றில் எக்ஸ்ரே எடுத்த தாய்மார்களின் குழந்தைகளிடம் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று இங்கிலாந்தில் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் தம் ஆய்வை விரிவாக வெளியிட்டது 1958இல். அதே 1958இல்தான் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவருடன் உழைத்தவர்களும் மீயொலியால் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் பார்க்கலாம் என்ற கட்டுரையை வெளியிட்டார்கள். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் தொழிற்சாலைக் கருவியில் தொடங்கிய முயற்சி அது. ஒரு கதவு மூட வேண்டிய நேரத்தில் இன்னொரு கதவு திறந்தது. கதிருக்கு மாற்றாக வந்த ஒன்றுக்குக் கதிர் என்றே பெயர் சூட்டுகிறோம் என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

மீயொலி எதுவுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஒலி திசுவைச் சற்றே சூடாக்கும். அதனால்தான் தேவைக்கு மேல் நேரமோ ஆற்றலோ செலவிடக் கூடாது என்பது இத்துறையில் விதி. ஆனால் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வேலை ஊடுகதிருடையது. மீயொலிக்கு அது ஆகாது.

நண்பர் ஒருவர், "கதிர் வேண்டாம், ஊடொலி என்று வைத்தால் என்ன?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் பொருந்தவில்லை. ஊடுகதிர் உடலைக் கடந்து போகிறது. கடந்து வந்ததுதான் படம். மீயொலியில் படம் கிடைப்பது திரும்பி வருவதிலிருந்து. கருவி ஒலியை அனுப்புகிறது. அது மென்திசுவில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய், நீரும் சதையும் எலும்பும் மாறும் எல்லைகளில் மோதிப் பிரதிபலிக்கிறது. திரும்பிய நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். முழுக்க முழுக்க எதிரொலி. தோலில் பசையைத் தடவுவதும் இதற்காகத்தான். இடையில் காற்று இருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும், உள்ளே போகாது. மார்பகத்தில் இருப்பது நீர்க்கட்டியா திடக்கட்டியா என்று பிரித்துச் சொல்ல முடிவதும் இந்த எதிரொலியால்தான். நீருக்குள் எதிரொலி எழாததால் நீர்க்கட்டி கருப்பாகத் தெரிகிறது. இவ்வளவையும் 'ஊடு' என்ற ஒரு முன்னொட்டு மறைத்துவிடும்.

'கேளா ஒலி' என்பதை நான் அவ்வளவு எதிர்க்க மாட்டேன். யாருக்கும் உடனே புரியும். ஆனால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழொலியும் நமக்குக் கேட்காது, அதுவும் கேளா ஒலிதான். புற ஊதாவைப் பார்த்துச் செய்த 'புறவொலி' வெளியிலிருந்து வரும் சத்தம் போல ஒலிக்கிறது. மீயொலி மேல் உள்ள ஒரே நியாயமான புகார், ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்துக்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள் என்பது. ஆங்கிலமும் இதே குழப்பத்தில் கிடந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஒலியையே 'சூப்பர்சானிக்' என்று எழுதினார்கள். பிறகுதான் வேகத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். நாமும் விமானத்துக்கு 'ஒலிவிஞ்சு வேகம்' என்று கொடுத்துவிட்டால் தகராறு தீர்ந்தது.

ஸ்கேன் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்று கேட்காத வீடு இல்லை. அதன் லத்தீன் மூலத்துக்கு ஏறுதல் என்று பொருள். செய்யுளின் சீர்களை எண்ணுவதற்கு முதலில் வழங்கிய சொல், அதாவது நம் அலகிடுதல். கணினிக்காரர்கள் ஸ்கேனருக்கு வைத்த வருடி, தாளைவிட இங்கேதான் பொருத்தம். பசை தடவிய வயிற்றின்மேல் கருவி உண்மையாகவே வருடிக்கொண்டு போகிறது. யாராவது 'மீயொலி வருடல்' என்று எழுதினால் மகிழ்வேன். 'மீயொலி ஸ்கேன்' என்று எழுதினாலும் குறை சொல்ல மாட்டேன். தூய்மையைவிட அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் புரிவது எனக்கு முக்கியம்.

இந்தக் குழப்பம் மறுபக்கமும் தலைகீழாக நடக்கிறது. மேமோகிராம் குறைந்த ஆற்றலுள்ள ஊடுகதிரால் எடுக்கும் படம். அதை 'மார்பக ஸ்கேன்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். கதிர் இருக்கும் இடத்தில் அதைக் காணோம், இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து செலுத்திப் பார்ப்பதும் ஊடுகதிர்ப் படம்தான். கரு உண்டாகியிருக்கக் கூடாது என்பதற்காக மாதவிலக்கு முடிந்து சினைமுட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களில் அதைச் செய்வார்கள். அதற்கும் 'கர்ப்பப்பை ஸ்கேன்' என்று பெயர் போட்டால், கரு உண்டாகியிருக்கலாம் என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றும்? எம்.ஆர்.ஐ.யின் பெயரில் முதலில் 'அணுக்கரு' என்ற சொல்லும் இருந்தது. கதிரியக்கம் என்று மக்கள் அஞ்சுவார்கள் என்றே அதை எடுத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர்களுக்கு இருந்த அந்தக் கவனம் மொழிபெயர்ப்பவர்களுக்கும் வேண்டும்.

தங்கை மகளின் கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "20ஆவது வாரத்தில் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியை மீயொலி ஸ்கேனில் பார்ப்பார்கள். இதில் எக்ஸ்ரே கிடையாது." படித்துவிட்டு, எந்த நாளில் போகலாம் என்று நாட்காட்டியை எடுத்தாள்.