டெண்டர்: விட்டதா, போட்டதா, எடுத்ததா?

கட்டுமானத் துறையின் பொருளியலையும் மேலாண்மையையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் தம் ஆய்வேட்டைத் தமிழில் எழுத முற்படும்போது இடறிவிழும் சொற்களுள் 'டெண்டர்' முதன்மையானது. அது தெரியாத சொல் என்பதால் அவர்கள் இடறுவதில்லை; மிக நன்றாகத் தெரிந்த சொல் என்பதாலேயே இடறுகிறார்கள். பேச்சில் இச்சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. "பாலத்துக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள்" என்றால் வேலையைச் செய்துதர முன்வருவோரை அலுவலகம் அழைத்திருக்கிறது என்று பொருள். "நானும் டெண்டர் போட்டிருக்கிறேன்" என்றால் ஒப்பந்தக்காரர் தம் விலையை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பொருள். "டெண்டரை அவர்தான் எடுத்தார்" என்றாலோ வேலையே அவர் கைக்கு வந்துவிட்டது. பெயர்ச்சொல் ஒன்றுதான்; விடு, போடு, எடு என்னும் மூன்று வினைகளும் பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. பேச்சுத்தமிழ் ஓசையின்றிச் செய்து முடித்த இந்த வேலையை எழுத்துத்தமிழ் இன்னும் முழுமையாகச் செய்யவில்லை.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் டெண்டருக்கு நிலைபெற்றிருக்கும் சொல் 'ஒப்பந்தப்புள்ளி'. நாளிதழ்களில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்புகளைப் படித்தவர்களுக்கு, "மூடி முத்திரையிடப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன" என்ற தொடர் மனப்பாடமாகவே இருக்கும். மின்னணு முறை வந்தபின் அரக்கு முத்திரையும் உறையும் மறைந்துவருகின்றன என்றாலும் சொல் மாறவில்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மையை வலியுறுத்தித் தமிழ்நாட்டில் 1998இல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2000இல் வந்தன. ஆகவே இது அகராதியில் மட்டும் வாழும் சொல்லன்று. கோப்பிலும் நீதிமன்றத்திலும் புழங்கும் சொல்.

ஆங்கிலச் சொல்லின் வேர், 'நீட்டுதல்' என்னும் பொருளுடைய 'தெந்தெரே' என்ற இலத்தீன் வினை. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தின் சட்டமொழிக்குள் நுழைந்து, 'ஏற்றுக்கொள்ளும்படி முறையாக முன்வைப்பது' என்ற பொருளைப் பெற்றது. கடனைத் தீர்க்க நீட்டினால் மறுக்க முடியாத பணத்தை 'லீகல் டெண்டர்' என்று சொல்வதும் இந்த வேரிலிருந்துதான். மென்மையைக் குறிக்கும் 'டெண்டர்' வேறொரு இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நீராவி எஞ்சினுக்குப் பின்னால் கரியையும் நீரையும் சுமந்துவரும் 'டெண்டர்' வண்டிக்கோ, உடனிருந்து கவனித்தல் என்பது பொருள். எழுத்து ஒன்றாக இருப்பதால் இவற்றை ஒரே சொல்லாகக் கருதிவிடக் கூடாது. நமக்கு வேண்டியது நீட்டிய கை. ஒருவர் தம் விலையை இன்னொருவரிடம் நீட்டுகிறார் என்பதே மூலப்பொருள். அழைப்பது அதில் இல்லை.

'ஒப்பந்தப்புள்ளி'யில் 'ஒப்பு' என்பது இசைதலையும் உடன்படுதலையும் குறிக்கும் பழைய அடி. 'ஒப்பந்தம்' என்பதன் பின்பகுதியை 'பந்தம்' என்னும் வடசொல்லோடு சேர்த்துக் காண்போர் உண்டு. தெலுங்கில் 'ஒப்பந்தம்', கன்னடத்தில் 'ஒப்பந்த' என்று இச்சொல் அண்டை மொழிகளிலும் வழங்குகிறது. என் பார்வையில் இச்சொல்லின் அழகு 'புள்ளி'யில்தான் இருக்கிறது. மெய்யெழுத்துக்கு மேல் வைக்கும் குறி, மான்தோலில் தெரியும் பொட்டு, தேர்வில் பெறும் மதிப்பெண், ஊரில் செல்வாக்குள்ள மனிதர் என இச்சொல் பல இடங்களுக்குப் போய்வந்திருக்கிறது. அந்தப் பயணத்தில் 'கணக்கு', 'எண்ணாகக் குறித்த மதிப்பு' என்னும் பொருள்களும் சேர்ந்துகொண்டன. புள்ளிவிவரம் என்பதிலும், கொட்டேஷனுக்கு வழங்கும் 'விலைப்புள்ளி' என்பதிலும் இருப்பது அந்தப் புள்ளிதான்.

இது எவ்வளவு பொருத்தம் என்பதை ஒப்பந்தப் படிவத்திலேயே காணலாம். மத்தியப் பொதுப்பணித் துறையில் விழுக்காட்டு முறைக்கு 7ஆம் படிவமும், ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியே விலை எழுதும் முறைக்கு 8ஆம் படிவமும் வழங்கி வந்துள்ளன. விழுக்காட்டு முறையில் மண் தோண்டுவது முதல் வண்ணம் பூசுவது வரை எல்லா வேலைகளுக்கும் அளவும் விலையும் போட்டு அலுவலகமே மதிப்பீட்டைத் தந்துவிடுகிறது. ஒப்பந்தக்காரர் எழுதவேண்டியது ஒரே ஓர் எண்: மதிப்பீட்டுக்கு இத்தனை விழுக்காடு கூடுதல் அல்லது இத்தனை விழுக்காடு குறைவு. மதிப்பீடு 1 கோடி ரூபாயாக இருந்து அவர் 7.5 விழுக்காடு குறைவு என்று எழுதினால் 92.5 இலட்சத்துக்கு வேலையைச் செய்ய இசைகிறார் என்று பொருள். சிமெண்டு விலை, கம்பி விலை, கொத்தனார் கூலி, கையில் ஏற்கெனவே உள்ள வேலைகள், பணம் எப்போது வரும் என்ற கவலை ஆகிய அனைத்தையும் அவர் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடக்கிவிடுகிறார். அதைப் புள்ளி என்றழைப்பதைவிடச் சரியான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இலங்கைத் தமிழ் வேறு வழியில் சென்றது. அங்கே 'கேள்வி' என்றும் 'விலைமனு' என்றும் வழங்குகின்றனர். 'கேள்வி' முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டிலும் ஏலத்தை எடுக்க விலை சொல்வதை 'ஏலம் கேட்டல்' என்றே சொல்கிறோம் என்பதை நினைத்தால் விந்தை நீங்கிவிடும். 'விலைமனு' தெளிவான ஆக்கமே. எனினும் 'மனு' என்றதும் குறை சொல்லிக் கைகட்டி நிற்கும் தோற்றம் வந்துவிடுகிறது. தம் விலையை முன்வைக்கும் ஒப்பந்தக்காரர் குறை தீர்க்கக் கேட்டு நிற்பவர் அல்லர் என்பதால் நான் 'ஒப்பந்தப்புள்ளி'யின் பக்கமே நிற்பேன்.

அழைப்புக்கும் முன்வைப்புக்கும் உள்ள வேறுபாடு சொல்லழகுக்காக மட்டும் பேசப்படுவதன்று. இங்கிலாந்தில் 1870இல் தீர்ப்பான ஸ்பென்சர் எதிர் ஹார்டிங் வழக்கில், கடைச் சரக்குகளை டெண்டர் முறையில் விற்பதாகச் சுற்றறிக்கை விட்டவர்கள் மிகுந்த விலை சொன்னவருக்கே அவற்றை விற்கக் கடமைப்பட்டவர்களா என்ற கேள்வி எழுந்தது. அந்தச் சுற்றறிக்கை ஓர் அழைப்பு மட்டுமே, அதில் வாக்குறுதி ஏதும் இல்லை என்று நீதிமன்றம் கூறிற்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் நடையிலும் ஒப்பந்தக்காரர் தருவதே முன்மொழிவு. அதை அலுவலகம் ஏற்றபின்தான் உடன்பாடு பிறக்கிறது. ஆகவே "ஒப்பந்தப்புள்ளி வெளியிடப்பட்டது" என்று எழுதுவது பிழை. வெளியிடப்பட்டது ஒப்பந்தப்புள்ளிக்கான அழைப்பு அல்லது ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. வந்து சேர்ந்தவை ஒப்பந்தப்புள்ளிகள். ஏற்கப்பட்டபின் உருவானது ஒப்பந்தம்.

இந்தப் பிரிவினை ஆய்வு மாணவருக்கு ஏன் இன்றியமையாதது என்பதற்கு, இத்துறை ஆய்வின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். போட்டியில் எவ்வளவு விலை சொல்வது என்பதை நிகழ்தகவுக் கணக்காக மாற்றிய லாரன்ஸ் ஃப்ரீட்மனின் கட்டுரை 1956இல் வெளிவந்தது. அமெரிக்காவின் கேஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வும் அதே பொருள் பற்றியதுதான். 1967இல் மார்வின் கேட்ஸ் வேறொரு வாய்பாட்டைக் கொண்டுவந்தார். இருவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு கணக்கில் காட்டலாம். எனக்கு இரண்டு போட்டியாளர்கள். தனித்தனியே மோதினால் ஒவ்வொருவரையும் வெல்ல எனக்குச் சரிபாதி வாய்ப்பு என்று கொள்வோம். ஃப்ரீட்மன் முறையில் இரண்டு பாதிகளையும் பெருக்க, இருவரையும் வெல்லும் வாய்ப்பு கால் பங்கு. கேட்ஸ் முறையில் அது மூன்றில் ஒரு பங்கு. மூவரும் சமம் என்றால் மூன்றில் ஒன்றுதானே வரவேண்டும் என்று நம் மனம் கேட்ஸின் பக்கம் சாயும். ஆனால் அவருடைய வாய்பாட்டுக்குப் போதிய கணித அடிப்படை இல்லை என்ற மறுப்பும் எழுந்தது, வாதம் பல ஆண்டுகள் நீண்டது. இந்த வாதம் முழுவதும் 'போட்ட' டெண்டரைப் பற்றியது, 'விட்ட' டெண்டரைப் பற்றியதன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுத் தமிழில் எழுதினால், ஒப்பந்தக்காரரின் விலை முடிவை ஆராய்ந்த ஆய்வேடு அலுவலகத்தின் கொள்முதல் முறையை ஆராய்ந்ததுபோல் படித்துவிடும்.

மதிப்பீட்டோடும் இதைக் குழப்பக் கூடாது. மதிப்பீடு, வேலைக்கு என்ன செலவாகும் என்பதைச் சொல்வது. ஒப்பந்தப்புள்ளி, அந்தச் செலவின்மேல் இலாபத்தையும் இடரையும் ஏற்றிவைத்த விலை. போட்டிக்கு வந்த அனைவரிலும் தம் செலவை மிகக் குறைவாகக் கணித்தவரே மிகக் குறைந்த விலையைச் சொல்லி வேலையை எடுக்க வாய்ப்பு மிகுதி என்பதால், வென்றவரே இழப்படையும் நிலை அடிக்கடி நேர்கிறது. எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்னும் மூன்று பொறியாளர்கள் 1971இல் விளக்கிய இந்த நிலையைப் பொருளியலார் 'வென்றவர் சாபம்' என்ற பெயரில் வழங்குகின்றனர். அங்கே மிகுந்த விலை சொன்னவர் சிக்கிக்கொள்கிறார், கட்டுமானத்தில் குறைந்த விலை சொன்னவர். ஆய்வேட்டில் அந்தத் தொடரை வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரர்களிடம் நேர்காணலுக்குப் போகும் மாணவர் மட்டும், "கம்மியாகப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டா?" என்று கேட்டால் போதும், அதற்கு விளக்கம் தேவைப்படாது.