கிரேட் மால்வெர்னின் இரும்புப் பூக்கள்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், மால்வெர்ன் குன்றுகளின் சரிவில் இருக்கும் சிற்றூர் கிரேட் மால்வெர்ன். ஊற்றுநீர் சிகிச்சைக்காக 19-ம் நூற்றாண்டில் வசதி படைத்தவர்கள் தேடி வந்த ஊர். 1860-ல் ரயிலும் வந்தது. கட்டடக் கலைஞர் எல்ம்ஸ்லி வடிவமைத்த நிலையக் கட்டடம் இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. நடைமேடையின் இரும்புத் தூண்களின் உச்சியைப் பாருங்கள்: சிற்பி வில்லியம் ஃபோர்சித்தின் கைவண்ணத்தில் பூவும் இலையும் புடைத்து நிற்கின்றன, பல வண்ணப் பூச்சோடு. இவ்வளவு அழகான ரயில் நிலையத் தூண்கள் அபூர்வம்.

அந்தக் காலத்து நிலையங்களில் இரும்பு இப்படிப் பூவாக உருவெடுத்ததற்குக் காரணம் கரி, அதாவது கார்பன். தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் சுமார் 4 சதவீதம் கார்பன் சேர்ந்தால் 1150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். உருகிய குழம்பை மணல் அச்சில் ஊற்றலாம்; இதுதான் வார்ப்பிரும்பு. ஆறும்போது கார்பன் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பிரிகிறது. அப்போது அது கொஞ்சம் விரிவதால், உலோகம் சுருங்குவது பெரிதும் ஈடாகிறது. அதனால்தான் இதழின் விளிம்பு வரை அச்சு துல்லியமாக விழுகிறது.

ஆனால் அதே செதில்கள்தான் வார்ப்பிரும்பின் பலவீனமும். இழுத்தால் ஒவ்வொரு செதிலின் நுனியும் விரிசல் தொடங்கும் இடமாகிறது. அழுத்தினாலோ விரிசல் திறக்க வழியில்லை. சாக்பீஸை நெட்டாக நிறுத்தி அழுத்தினால் தாங்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும். அதே கதைதான். வார்ப்பிரும்பு இழுவிசையைவிட மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தைத் தாங்கும்.

இதை மறந்ததற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1847 மே மாதம், செஸ்டர் நகரருகே டீ ஆற்றுப் பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தபோது வார்ப்பிரும்பு உத்தரம் ஒன்று ஒடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். வடிவமைத்தவர் சாதாரண ஆள் அல்ல, புகழ்பெற்ற ரயில் பொறியாளர் ராபர்ட் ஸ்டீஃபன்சன். உத்தரம் சுமையால் வளையும்போது அதன் அடிப்பகுதி இழுபடும்; அங்கேதான் இந்த உலோகம் கைவிடும். அப்புறம் படிப்படியாக ரயில் பாலங்களின் உத்தரங்களுக்குத் தேனிரும்பும் (கார்பன் மிகக் குறைந்த, இழுத்தாலும் எளிதில் ஒடியாத இரும்பு), பின்னாளில் எஃகும் வந்தன.

தூணின் வேலை வேறு. கூரையின் எடை நேராகக் கீழே இறங்குகிறது, பெரும்பாலும் அழுத்தம் மட்டும்தான். வழக்கமாக இத்தகைய தூண்களை உள்ளே குழலாக வார்ப்பார்கள். உலோகம் மையத்தை விட்டு விலகி நிற்க நிற்க, அதே எடை இரும்பில் தூண் பக்கவாட்டில் நெளியாமல் கூடுதல் சுமை தாங்கும்.

பழைய வார்ப்பில் விரிசல் விழுந்தால் சரிசெய்வது சிரமம். வெல்டிங் சூடு சட்டென ஆறினால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். அதனால் மெதுவாகச் சூடேற்றி மெதுவாகவே ஆறவிட வேண்டும். இல்லையென்றால் பழைய துண்டிலிருந்து அச்செடுத்து மறுபடியும் வார்ப்பதே வழி.