ஒருமுறைதான் அளப்பார்கள்

அலாஸ்காவில் நில வரைபட வேலை பார்க்கிறேன். நான் போகும் கிராமங்களில் பலவற்றுக்கு சாலை கிடையாது. சின்ன விமானத்தில் இறங்கி, பனிவண்டியின் பின்னிருக்கையில் வரைபடச் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊருக்குள் போவேன். போன இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "என் வீட்டு மண் யாருடையது?" பெரும்பாலும் அவர் அந்த வீட்டிலேயே பிறந்தவராக இருப்பார். நத்தம் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்து பட்டாவுக்கு அலைபவரைப் பார்த்திருந்தால், அந்தக் குரல் உங்களுக்கும் பழக்கமானதாகவே இருக்கும்.

சிக்கலின் வேர் 1971 டிசம்பர் 18 அன்று கையெழுத்தான பூர்வகுடிகள் உரிமைத் தீர்வுச் சட்டம். ஏறத்தாழ 4.4 கோடி ஏக்கர் பூர்வகுடிகளுக்கு வந்தது. ஆனால் நிலத்தைப் பெற்றவை அவர்களுக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனங்கள். மக்கள் அவற்றின் பங்குதாரர்கள் ஆனார்கள். கிராமத்தைச் சுற்றியுள்ள மேற்பரப்பு கிராம நிறுவனத்துக்கும், அடியில் உள்ள கனிமம் வட்டார நிறுவனத்துக்கும் போயின. தாத்தா கட்டிய வீட்டின் அடிமண் ஒரே நாளில் நிறுவனச் சொத்தாகும் நிலை வந்தது.

இதைச் சரிசெய்ய அதே சட்டத்தில் 14(சி) என்றொரு பிரிவு உண்டு. 1971இல் அந்த நாளன்று ஒருவர் குடியிருந்த வீடு, நடத்திய கடை, மீன்பிடி முகாம், கலைமான் வளர்ப்புக் கொட்டில் எதுவானாலும் கிராம நிறுவனம் அவருக்கு இலவசமாகவே திருப்பி எழுதித் தர வேண்டும். அவர் பூர்வகுடியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊராட்சிக்கு 1,280 ஏக்கர். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஊராட்சி அமைப்பே இல்லாத ஊரென்றால் அந்த நிலத்தை மாநில அரசு அறங்காவலராக வைத்திருக்கும்.

அரசு உதவி எங்கே வருகிறது? கிராம நிறுவனம் இந்த உரிமைகளை எல்லாம் ஒரே எல்லை வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால், மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் தன் செலவில் அளந்து, முனைகளில் உலோக முத்திரை பதித்துக் கொடுக்கும். மாநில அரசின் சமுதாய, வட்டார விவகாரப் பிரிவு படம் தயாரிக்க வழிகாட்டும். மக்கள் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். "அரசாங்க சர்வேயர் வந்து பார்த்துக்கொள்வார்" என்று காத்திருக்கிறார்கள். வருபவர் படத்தில் உள்ள கோட்டை மட்டுமே அளப்பார். எந்த முகாம் யாருடையது என்று தீர்ப்பது அவர் வேலையில்லை. படம் இறுதியாகி இரு தரப்பும் ஒப்புதல் தந்துவிட்டால், விடுபட்டவருக்காக அரசு இரண்டாவது முறை அளக்காது. கிராம நிறுவனத்தின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகவும், படம் தாக்கலான நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம்.

ஆகவே படம் கையெழுத்தாகும் முன் நடக்கும் ஊர்க்கூட்டங்கள்தான் உண்மையான நில அளவை என்று நினைக்கிறேன். அங்கே சான்று என்பது பெரும்பாலும் முதியவர்களின் நினைவு. 1971இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பழைய வான்படங்கள் உதவும். ஆனால் அதில் தெரியும் கூரை எந்தக் குடும்பத்துடையது என்று வான்படம் சொல்லாது.

இன்னொரு எச்சரிக்கை, வில்லங்கம் பார்ப்பது பற்றி. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடித் தனிநபர்களுக்கு 160 ஏக்கர் வரை ஒதுக்கீடு நடந்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர் மனைகளுக்குக் கட்டுப்பாடுள்ள பத்திரங்கள் தரப்பட்டன. அவற்றை விற்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். இவற்றை மாநிலப் பதிவகத்தில் மட்டும் தேடினால் போதாது, பூர்வகுடிகளின் நிலப் பதிவுகளை வைத்திருக்கும் மத்திய அரசின் 'இந்தியர் விவகாரப் பணியக'த்தின் (அங்கே பூர்வகுடிகளைத்தான் இந்தியர் என்கிறார்கள்) பதிவேட்டையும் பார்க்க வேண்டும். ஒரு கிராமத்தில் மருத்துவ நிலையம் கட்டத் தேர்ந்த இடத்தை முதல் பதிவகத்தோடு நிறுத்திக்கொண்டு "காலி" என்று எழுதிவிட்டார்கள். அது கட்டுப்பாடுள்ள மனை. உரிமையாளர் இறந்து, வாரிசுகள் சிதறிப்போயிருந்தார்கள். அவர்களைத் தேடி முடிப்பதற்குள் கோடை போயிற்று. கட்டுமானப் பொருள் வரும் சரக்குப் படகும் கோடையில்தான் வரும். ஒரு தேடலைச் சோம்பலில் விட்டதற்கு ஊர் ஓராண்டு விலை கொடுத்தது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆறும் சும்மா இருப்பதில்லை. நிங்லிக் ஆற்றின் அரிப்பால் நியூடாக் கிராமமே மெர்டார்விக் என்ற புதிய இடத்துக்குப் பெயர வேண்டியதாயிற்று. வீடுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நிலப் பரிமாற்றத்துக்கு 2003இல் நாடாளுமன்றச் சட்டம் தேவைப்பட்டது. முதல் குடும்பங்கள் குடியேறியது 2019இல்.

இப்போது நான் வேலை செய்யும் கிராமத்தின் படம் இன்னும் கையெழுத்தாகவில்லை. மூன்று மீன்பிடி முகாம்கள் பாக்கி. அவற்றில் ஒன்றைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஒரு முதியவர், காது கேட்காது. போன வாரம் மகள் அவர் காதருகே யூப்பிக் மொழியில் உரக்கக் கேட்டார். முதியவர் பதில் சொல்லாமல் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அவர் அறிந்த ஆறு, படகில் ஏறி மேல்நோக்கிப் போகும்போது தெரியும் ஆறு. இரண்டாவது கிளையோடை பிரியும் வளைவில் விரலை வைத்து, மீன் புகைக்கும் கொட்டகை நின்ற இடத்தைக் காட்டினார். நான் குறித்திருந்த இடம் எதிர்க்கரையில் இருந்தது.