பதினேழு சுற்றுக்கு மூன்று இளைஞர்கள்

2017 ஆகஸ்ட் 31. நள்ளிரவுக் கெடு முடியச் சில நொடிகளே இருந்தபோது, 34 வயது ஜஸ்டின் வெர்லாண்டர், பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர், டெட்ராய்ட் டைகர்ஸ் அணியிலிருந்து ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்குக் கைமாறினார். பதிலுக்கு டெட்ராய்ட்டுக்குப் போனவர்கள் மூன்று இளைஞர்கள்: பிட்சர் ஃபிராங்க்ளின் பெரெஸ், அவுட்ஃபீல்டர் டாஸ் கேமரன், விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் ஜேக் ராஜர்ஸ். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியிராதவர்கள்.

வெர்லாண்டர் 2011-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருதையும் ஒரே ஆண்டில் வாங்கியவர். ஆனால் அது ஆறு வருடத்துக்கு முந்தைய கதை. இடையில் 2014-ல் வயிற்றுத் தசையில் அறுவை சிகிச்சை, 2015-ல் மேற்கைத் தசையில் காயம். 2017-ல் டெட்ராய்ட்டுக்காக 28 ஆட்டம் ஆடி, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 3.82 ரன் கொடுத்திருந்தார். மோசமில்லை, ஆனால் வருடச் சம்பளம் 2.8 கோடி டாலர், ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு முழு வருடம் பாக்கி. அந்த இரண்டு வருடத்துக்கும் வருடத்துக்கு 80 லட்சம் டாலர் தாங்களே தருகிறோம் என்று டெட்ராய்ட் ஒப்புக்கொண்ட பிறகுதான் பேரம் படிந்தது.

இப்படி ஒருவரை வாங்குவதில் என்ன கணக்கு?

முதலில் காலண்டர். அன்றைய விதிப்படி ஆகஸ்ட் 31-க்குள் அணிக்கு வந்தவர்தான் அக்டோபரில் நடக்கும் நாக்-அவுட் தொடரில் ஆடலாம். (2019-லிருந்து விதி மாறி ஆகஸ்ட் வியாபாரம் நின்றுபோனது.) போதாததற்கு, லீக்கில் பத்து வருடமும் ஒரே அணியில் ஐந்து வருடமும் ஆடியவரை அவர் சம்மதமின்றி மாற்ற முடியாது. அதனால் அந்த இரவில் கடைசிச் சொல் வெர்லாண்டருடையது.

அக்டோபருக்கு ஏன் இத்தனை மவுசு என்பது வெறும் வகுத்தல் கணக்கு. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்டிங் பிட்சர் ஒருநாள் வீசினால் நாலு நாள் ஓய்வு. ஆகவே ஒவ்வொரு அணியும் ஐந்து பேரைச் சுழற்சியில் வைத்திருக்கும். 162 ஆட்டத்தில் ஒருவர் பங்கு 32 அல்லது 33, ஐந்தில் ஒன்று. நாக்-அவுட்டில் பயண நாட்கள் இடையிடையே வருவதால் ஐந்தாவது ஆளே தேவைப்படுவதில்லை. அந்த அக்டோபரில் ஹூஸ்டன் ஆடியது 18 ஆட்டம். ஐந்தைத் தொடங்கிவைத்தவர் வெர்லாண்டர், இன்னொன்றில் நடுவில் வந்து வீசினார். அதாவது மூன்றில் ஒரு ஆட்டத்தில் அவர் கை இருந்தது. கோடை முழுக்க ஓரளவு பயன்படும் ஆள், அக்டோபரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பயன்படுவார். விலை அங்கேதான் ஏறுகிறது.

சரி, 3.82? இந்த எண்ணை நம்பி ஆள் எடுப்பது, ஸ்லிப்பில் கேட்ச் விட்டவர்களையும் சேர்த்து பவுலரின் கணக்கில் எழுதுவது மாதிரி. அடிபட்ட பந்து ஃபீல்டரின் கைக்குப் போகுமா, இரண்டு பேருக்கு நடுவே உருண்டோடுமா என்பதில் பிட்சரின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்று 2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆர்வலர் எழுதியபோது பலர் சிரித்தார்கள். பிறகு அணிகளே அந்த வழிக்கு வந்தன. ஃபிப் என்ற அளவீடு இந்த எண்ணத்தின் பிள்ளை. ஃபீல்டர் தலையிட முடியாத விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்: ஹோம் ரன்னுக்கு (நம் சிக்ஸர் மாதிரி) 13, வாக் (தவறான நாலு பந்தால் பேட்டருக்கு இலவச இடம்) கொடுத்தாலோ பேட்டரின் உடம்பில் அடித்தாலோ 3 எனக் கூட்டி, ஸ்டிரைக்-அவுட்டுக்கு (பேட்டரை அடிக்கவிடாமல் பிட்சரே அவுட்டாக்குவது) 2 கழித்து, இன்னிங்ஸால் வகுப்பார்கள். எனக்கு இதன்மேலும் முழு நம்பிக்கை கிடையாது. ஹோம் ரன்னிலும் காற்றும் மைதானத்தின் அளவும் கலந்திருக்கின்றன. அதனால் கெட்டிக்கார அணிகள் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, பந்தையே பார்த்தன.

2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டேட்காஸ்ட் என்ற அமைப்பு வந்துவிட்டது. ரேடாரும் கேமராக்களும் ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் குறித்துக்கொண்டே இருக்கும். (2020-லிருந்து அங்கேயும் ஹாக்-ஐதான், எல்பிடபிள்யூ ரிவ்யூவில் நாம் பார்த்துப் பழகிய அதே ஹாக்-ஐ.) வெர்லாண்டரின் வேகப்பந்து 34 வயதிலும் மணிக்கு 153 கிலோமீட்டரை ஒட்டியே இருந்தது. நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று சுழன்றது. லீக் சராசரி 2,250 பக்கம்.

250 சுற்று கூடினால் என்ன ஆகும்? ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். பிட்சர் நிற்கும் கட்டைக்கும் பேட்டர் முன்னால் இருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 18.44 மீட்டர். ஒரு எட்டு எடுத்து வைத்து வீசுவதால் பந்து உண்மையில் பறப்பது பதினாறரை மீட்டர்போல. அதற்கு ஆகும் நேரம் 0.4 நொடி. அதற்குள் வெர்லாண்டரின் பந்து பதினேழு சுற்று சுற்றும். சராசரி ஆளின் பந்து பதினைந்து. வித்தியாசம் இரண்டே சுற்று.

இந்தப் பந்து பின்பக்கமாகச் சுழல்கிறது. 108 இரட்டைத் தையல் போட்ட அதன் தோல், மேல்பக்கம் காற்றோடு சேர்ந்து ஓடுகிறது, கீழ்பக்கம் காற்றை எதிர்த்து ஓடுகிறது. விளைவாக, பந்தைத் தாண்டிப் போகும் காற்று கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. காற்றைக் கீழே தள்ளிய பந்துக்கு மேல்நோக்கி ஒரு உந்து கிடைக்கிறது. மேக்னஸ் விளைவு என்பது இதுதான். கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும்போது இன்னொரு வாய்ப்பு உண்டு. பேஸ்பாலில் தரையே கிடையாது, எல்லாம் காற்றுக்குள் முடிய வேண்டும்.

0.4 நொடியில் புவியீர்ப்பு மட்டும் பந்தைச் சுமார் 80 சென்டிமீட்டர் கீழே இழுத்திருக்கும். நல்ல வேகப்பந்தின் சுழற்சி அதில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் திருப்பித் தந்துவிடுகிறது. பேட்டரின் கண் ஆயிரக்கணக்கான சராசரிப் பந்துகளைப் பார்த்து, இந்த வேகத்தில் வந்தால் இவ்வளவு இறங்கும் என்று பழகியிருக்கும். கடைசிவரை பார்த்து அடிக்க நேரமில்லை. பாதி வழியிலேயே மட்டையைச் சுழற்றத் தொடங்கியாக வேண்டும். அப்போது பந்து எதிர்பார்த்ததைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைவாக இறங்கினால் போதும். மட்டையின் மிகப் பருமனான இடமே 6.6 சென்டிமீட்டர்தான். மட்டை பந்துக்கு அடியில் காற்றை வெட்டிக்கொண்டு போகும். “பந்து எழும்பியது” என்று பேட்டர்கள் சத்தியம் செய்வார்கள். எழும்பாது. விழ வேண்டிய அளவு விழாததைத்தான் கண் அப்படி எடுத்துக்கொள்கிறது.

அந்த வருடம் இதற்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. தாழ்வாக வரும் பந்துகளைக் கீழிருந்து மேலாகத் தூக்கி அடிக்கப் பேட்டர்கள் பழகியிருந்தார்கள். 2017-ல் லீக் முழுவதும் 6,105 ஹோம் ரன்கள். அதுவரை எந்த வருடமும் காணாத எண்ணிக்கை. அப்படி வளைத்து வீசும் மட்டைக்கு நெஞ்சுயர வேகப்பந்து எட்டாக்கனி. ஹூஸ்டன்காரர்கள் இந்த விஷயத்தில் லீக்கிலேயே முன்னால் இருந்தவர்கள். பந்து விரலை விட்டுப் பிரியும் கணத்தை அதிவேகக் கேமராவில் பிடித்து, வெர்லாண்டர் தன் ஸ்லைடரை, பக்கவாட்டில் விலகும் பந்தை, சீர்செய்துகொள்ளவும் உதவினார்கள்.

இனி பயம். அந்தக் கை எத்தனை நாள் தாங்கும்?

வீசும் கணத்தில் தோள் நொடிக்கு 7,000 டிகிரி என்ற வேகத்தில் உள்நோக்கித் திரும்புகிறது. அதே வேகத்தில் தொடர முடிந்தால் நொடிக்குப் பத்தொன்பது முழுச் சுற்று. அதற்குச் சற்று முன், கை பின்னால் மல்லாந்திருக்கும்போது, முழங்கையைப் பக்கவாட்டில் பிளக்கப் பார்க்கும் திருப்புவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸின் எடை 14.2 கிலோ அல்லவா, அதை முழங்கையிலிருந்து ஒரு முழம் தள்ளி விரல் நுனியில் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். முழங்கையின் உள்பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டிப்பிடித்திருக்கும் நாரைத் தனியாக எடுத்து ஆய்வகத்தில் இழுத்தால், இதில் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. மீதியைச் சுற்றியுள்ள தசைகள் தாங்குகின்றன. தசை சோர்ந்தால் பாரம் நாருக்குப் போகும். ஒரு ஆட்டத்தில் நூறு முறை, வருடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டம்.

அறுந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974-ல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தது. பெரும்பாலும் முன்கையில் இருக்கும் ஒரு மெல்லிய நாணை எடுத்து முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோப்பார்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள், நடுவில் கயிறுபோல ஒன்று புடைக்கும். அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அதனால் அவர்களுக்கு ஒன்றும் குறைவதில்லை.

விற்கிற அணிக்கும் இதே அளவு சூதாட்டம்தான், டெட்ராய்ட்டுக்கு அது நன்றாகவே தெரியும். 1987 ஆகஸ்டில் வாங்குகிற இடத்தில் இருந்தவர்கள் அவர்கள். அட்லாண்டாவிடமிருந்து 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கினார்கள். வந்தவர் 9 வெற்றி, தோல்வியே இல்லை, சராசரி 1.53. அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. நாக்-அவுட்டில் மினசோட்டாவிடம் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டமும் போயிற்று. பதிலுக்கு டெட்ராய்ட் கொடுத்த இருபது வயதுப் பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ். 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பது), 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம். முப்பது வருடம் கழித்து அதே டெட்ராய்ட் இளைஞர்களை வாங்கும் பக்கம் உட்கார்ந்தபோது, முக்கியமாக நம்பிய பெரெஸைக் காயங்கள் தின்றன. நிலைத்து நின்றவர் கேட்சர் ராஜர்ஸ்.

ஹூஸ்டனில் வழக்கமான சீசனின் மீதியில் வெர்லாண்டர் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் வென்றார்; சராசரி 1.06. அக்டோபர் 14 அன்று யாங்கீஸுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசினார்: 124 பந்து, 13 ஸ்டிரைக்-அவுட், ஒரே ரன். ஹூஸ்டன் 2-1 என வென்றது. நவம்பர் 1-ல் உலகத் தொடர் கோப்பை. அந்த வருடம் ஹூஸ்டன் பேட்டர்கள் எதிரணிக் கேட்சர் தன் பிட்சருக்கு எந்தப் பந்து வீசுவது என்று காட்டும் சைகைகளைக் கேமராவில் திருடியது பின்னர் அம்பலமாகி, 2020-ல் 50 லட்சம் டாலர் அபராதமும் மேலாளருக்குத் தடையும் வந்தன. கோப்பையின்மேல் அந்தக் கறை இருக்கிறது.

2019-ல் வெர்லாண்டருக்கு 21 வெற்றி, 300 ஸ்டிரைக்-அவுட், இரண்டாவது சை யங். அந்த மார்ச்சிலேயே 2020, 2021 ஆகிய இரண்டு வருடத்துக்கு 6.6 கோடி டாலருக்குப் புது ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் வழக்கமான சீசனில் அவர் வீசியது ஒரே ஒரு ஆட்டம், ஆறு இன்னிங்ஸ். பிறகு அந்த நார் போய்விட்டது. 37 வயதில் டாமி ஜான். 39 வயதில் திரும்பி வந்து 18 வெற்றி, சராசரி 1.75, மூன்றாவது சை யங். அடுத்த வருடம் நியூயார்க் மெட்ஸுக்குப் போனவரை, 2023 ஆகஸ்ட் 1 அன்று, கெடு நாளில், ஹூஸ்டன் மறுபடியும் வாங்கியது. இந்தமுறை கொடுத்தது இரண்டு இளைஞர்கள். வெர்லாண்டருக்கு அப்போது வயது நாற்பது.