ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்: ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் நிறுவனத்தை மேற்கோள் காட்டும் மாணவர்களுக்கு

போன வாரம், ஆப்பிரிக்காவில் மானுடவியல் ஆய்வு நடத்திய ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் நிறுவனத்தைத் தொடும் இன்னொரு ஆய்வேடு வந்தது. முன்னாய்வுகள் பற்றிய இயலில் ஒரு வரி: "ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் நிறுவனம் காலனி அரசின் உளவுக் கருவியாகச் செயல்பட்டது." அதற்கு ஓர் அடிக்குறிப்பு, அவ்வளவுதான். அடுத்த பத்தியிலிருந்து, அதே நிறுவனத்தார் சேகரித்த தகவல்களை வைத்தே மூன்று பக்க வாதம். இந்த வருடத்தில் இப்படி நான் படிப்பது நான்காவது முறை. பக்க ஓரத்தில் எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நிறுவனம் தொடங்கியது 1937-இல், வடக்கு ரொடீசியாவின் லிவிங்ஸ்டன் நகரில். அந்த நாடுதான் இன்றைய ஜாம்பியா. யோசனை ஆளுநர் சர் ஹியூபர்ட் யங்குடையது. பணம் அரசிடமிருந்தும் சுரங்க நிறுவனங்களிடமிருந்தும் வந்தது. பெயரிலேயே பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸ் இருக்கிறார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், வரி உயர்வை எதிர்த்துச் செப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லுவான்ஷியா சுரங்க நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 6 பேர் இறந்தார்கள். சுரங்க நகரங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தேவை ஆட்சிக்கு இருந்தது. இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் "பணம் அவர்களுடையது, ஆகவே ஆய்வும் அவர்களுடையது" என்று ஒரே தாவாகத் தாவுகிறீர்களே, அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. முதல் இயக்குநர் காட்ஃப்ரி வில்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் புரோக்கன் ஹில் சுரங்க நகரத்தில் (இன்றைய காப்வே) கள ஆய்வு செய்தார். ஆண்களைக் குறைந்த கூலிக்குச் சுரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு, குடும்பத்தைக் காக்கும் சுமையைக் கிராமத்தின் தலையில் கட்டும் பொருளாதாரம் இது, அதனால்தான் கிராமங்களில் ஆண்களும் இல்லை, சோறும் இல்லை என்று எழுதினார். தொழிலாளர்களோடு சரிசமமாகப் பழகினார். மனசாட்சியின் பேரில் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் வேறு. சுரங்கக் குடியிருப்புக்குள் அவர் போவதற்கான அனுமதியைச் சுரங்கத் தரப்பு நிறுத்திவிட்டது. 1941-இல் அவர் பதவி விலகினார். உளவு பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்துவார்களா?

வில்சன் ஒருவர் மட்டும் என்றால் விதிவிலக்கு என்று விட்டுவிடலாம். 1950-களில் இதே நிறுவனத்தின் ஆய்வாளர் ஏ. எல். எப்ஸ்டீன் லுவான்ஷியாவில் ஆய்வு செய்தபோது அவருக்கும் சுரங்கக் குடியிருப்புக்குள் போகத் தடை வந்தது. அவர் ஆராய்ந்தது, பழங்குடி மூப்பர்களைப் பிரதிநிதிகளாக வைத்துத் தொழிலாளர்களைக் கையாளும் ஏற்பாட்டை அந்தத் தொழிலாளர்களே தொழிற்சங்கம் கட்டி உதறிய கதையை. நிர்வாகத்துக்கு அது பிடிக்குமா?

அதற்காக இவர்களைப் புனிதராக்கச் சொல்லவில்லை. நியாயமான விமர்சனம் எப்படி இருக்கும் என்பதற்கும் இதே நிறுவனத்தின் வரலாற்றில் நல்ல உதாரணம் உண்டு. கிளைட் மிட்செல் 1956-இல் வெளியிட்ட கலேலா நடனம் பற்றிய சிறு நூலைச் சொல்கிறேன். லுவான்ஷியாவில் பிசா இனத்து இளைஞர்கள் ஆடும் ஆட்டம் அது. விறைப்பாகத் தேய்த்த கால்சட்டை, பளபளக்கும் காலணி. ஒருவர் "அரசர்", ஒருவர் வெள்ளை அங்கி போட்ட "மருத்துவர்". குழுவில் இருக்கும் ஒரே பெண் செவிலியர் உடையில் கண்ணாடியும் கைக்குட்டையுமாக ஆடுபவர்களிடையே சுற்றிவருவார், அவர்கள் முகம் துடைத்துத் தலை திருத்திக்கொள்ள. உடை முழுக்க ஐரோப்பியம். பாட்டில் பிசாக்களின் பெருமையும் மற்ற இனத்தார் மீது கேலியும். இனப் பெயர் என்பது கிராமத்திலிருந்து தூக்கிவந்த மிச்சம் அல்ல, முன்பின் தெரியாத ஆட்கள் நிறைந்த நகரத்தில் ஒருவரை இன்னார் என்று வகைப்படுத்திப் பழக உதவும் கருவி என்று மிட்செல் வாசித்தார். 1971-இல் தென்னாப்பிரிக்க சமூகவியலாளர் பெர்னார்ட் மகுபானே அதை எதிர்த்து எழுதினார்: உடையையும் அந்தஸ்தையும் அளக்கிறீர்கள், இவர்களை ஒடுக்கும் காலனி ஆட்சி உங்கள் அளவுகோலில் எங்கே? மிட்செல் வகையறாவின் ஆய்வுகளை எடுத்துப் படித்து, அவர்கள் அளந்த முறையையே கேள்வி கேட்டார். விமர்சிப்பதென்றால் அப்படி விமர்சியுங்கள். இரண்டு பேரையும் படித்துவிட்டு மகுபானே பக்கம் நின்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

ஒரே வரித் தீர்ப்பில் எனக்கு அதிகம் வலிப்பது வேறு ஒன்று. அந்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க உதவியாளர்கள். ந்டெம்பு இன மக்களின் சடங்குகளைப் பற்றி மானுடவியலாளர் விக்டர் டர்னர் எழுதியவற்றுக்குப் பின்னால், வைத்தியர் முச்சோனாவுக்கும் டர்னருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை விளக்கிய பள்ளி ஆசிரியர் விண்ட்சன் கஷினகஜி இருக்கிறார். ஆய்வாளர் ஜே. ஏ. பார்ன்ஸோடு ங்கோனி இன மக்களிடையே வேலை செய்த எம். பி. லுகேரோ, பிற்காலத்தில் தன் மக்களின் விழாவைப் பற்றித் தானே நூல் எழுதினார். வீடு வீடாகப் போய்க் கேள்விப் பட்டியலை நிரப்பியவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தான். "உளவுக் கருவி" என்று நீங்கள் எழுதும்போது இவர்களையும் சேர்த்துத்தான் உளவாளி ஆக்குகிறீர்கள். யோசித்து எழுதுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். நூல் வெளியான வருடத்தைக் கள ஆய்வு நடந்த வருடமாக எழுதாதீர்கள். டர்னரின் ந்டெம்பு நூல் 1957-இல் வந்தது. அவர் களத்தில் இருந்தது 1950 முதல் 1954 வரை. சுரங்க நகரங்களும் தொழிற்சங்கமும் வேகமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது, மூன்று வருடம் சின்ன விஷயம் இல்லை. "நிறுவனம் சொன்னது" என்றும் எழுதாதீர்கள். வில்சன் காலம் வேறு, 1940-களில் மேக்ஸ் க்ளக்மன் ஏழாண்டுத் திட்டம் போட்டு நடத்திய காலம் வேறு, அவருக்குப் பிறகு எலிசபெத் கோல்சன் இயக்குநராக இருந்த காலம் வேறு. யார், எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதுங்கள். நிறுவனம் பின்னால் லுசாகாவுக்கு மாறியது, விடுதலைக்குப் பின் ஜாம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 1970-களின் வெளியீட்டைப் பழைய பெயரில் குறிப்பிடுவது பிழை.

ஜாம்பேசி ஆற்றின் காரிபா அணையைத் தொடும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அணைக்காக 57,000 க்வெம்பே டோங்கா மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். கோல்சனும் தேயர் ஸ்கடரும் அவர்கள் இடம்பெயர்வதற்கு முன்பே, 1956-இல் அங்கே போய்விட்டார்கள். அப்புறம் பல பத்தாண்டுகள் அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அந்த வெளியேற்றம் மக்களை என்ன செய்தது என்று இன்று நாம் ஆதாரத்தோடு பேச முடிவது அந்தப் பதிவுகளால்தான். முதல் நூலை மட்டும் புரட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள், பின்னால் வந்தவற்றையும் தேடிப் படியுங்கள்.

கடைசியாக உங்கள் சொந்தக் களத்தைப் பற்றி. உங்களோடு நடந்து, கதவு தட்டி, பேச்சை விளக்கியவர் யாரோ, அவர் பெயரை அவர் சம்மதத்தோடு ஆய்வேட்டின் முறையியல் பகுதியிலேயே எழுதுங்கள். நன்றியுரையின் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டு என்னிடம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன்.