சாக்கடை நீரில் மிளகாய்ச் செடியின் வைரஸ்

மனித மலத்தில் உள்ள, ஆர்.என்.ஏ.வை மரபுப்பொருளாகக் கொண்ட வைரஸ்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், மாதிரிகளில் மிகுந்திருந்தது மனிதரைத் தாக்கும் வைரஸ் அல்ல, 'பெப்பர் மைல்ட் மாட்டில்' என்னும் மிளகாய்ச் செடி வைரஸ் என்று தெரியவந்தது. உலர் எடையில் ஒரு கிராம் மலத்துக்கு 100 கோடி வரை அதன் துகள்கள் இருந்தன. டோபமோவைரஸ் என்னும் தாவர வைரஸ் வகையைச் சேர்ந்த இது, உணவில் சேரும் மிளகாயோடு வயிற்றுக்குள் போய், நம்மை ஒன்றும் செய்யாமல் குடலைக் கடந்து சாக்கடையில் சேர்கிறது. சுமார் 300 நானோமீட்டர் நீளமுள்ள அதன் கோல்வடிவத் துகளில், ஆர்.என்.ஏ. இழையைச் சுற்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புரத மூலக்கூறுகள் சுருளாக நெருங்கி அமைந்திருப்பதால் அது எளிதில் சிதைவதில்லை.

கழிவுநீரில் இத்தகைய வைரஸ் இருப்பதை அறிவது இன்று கடினமன்று. நீரைச் செறிவூட்டி, ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை செய்தாலோ மரபணு வரிசையைப் படித்தாலோ போதும். ஆனால் பி.சி.ஆர். தேடுவது ஆர்.என்.ஏ.வின் ஒரு சிறு துண்டை மட்டுமே. புரத உறை குலைந்து செயலிழந்த வைரஸும் அதே விடையைத் தரும். எனவே வைரஸுக்குத் தொற்றும் திறன் எஞ்சியிருக்கிறதா என்பதைச் செடியிடம்தான் கேட்டாக வேண்டும்.

இலைமீது கார்போரண்டம் என்னும் நுண்ணிய அராவுத் தூளைத் தூவி, செறிவூட்டிய நீரை விரலால் மெல்லத் தேய்க்கிறார்கள். செல்சுவரில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே வைரஸுக்கு வாசலாகின்றன. புகையிலைப் பேரினத்தைச் சேர்ந்த நிக்கோட்டியானா குளுட்டினோசா போன்ற செடியில், தொற்று நிகழ்ந்த ஒவ்வோர் இடமும் சில நாட்களில் கருகிய சிறு புள்ளியாகத் தெரியும். வைரஸ் செடி முழுவதும் பரவும் இனங்களில், தேய்த்த இலையைவிட அதற்குமேல் புதிதாகத் துளிர்த்த இலையைச் சோதிப்பதே நம்பகமானது என்பேன். தேய்த்த இலையில் ஒட்டிக்கொண்ட பழைய துகள்களே தொற்றைப் போலத் தோற்றமளிக்கக்கூடும். வைரஸ் இல்லாத வெறும் கரைசலைத் தேய்த்த செடிகளையும் தனியே வளர்த்து ஒப்பிடாவிட்டால் முடிவுக்கு மதிப்பில்லை.

ஸ்லோவேனியாவின் தேசிய உயிரியல் நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீரில் மட்டுமன்றி, சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலும் தொற்றும் திறனுள்ள டோபமோவைரஸ்கள் இருப்பதைச் செடிச் சோதனை காட்டியது. அந்த நீரைப் பாசனத்துக்குத் திருப்பும் இடங்களில், குறிப்பாக ஒரே நீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் மண்ணில்லாச் சாகுபடியில், ஒரு செடியின் வேரில் தொடங்கும் தொற்று நீர்வழியே மற்றச் செடிகளையும் எட்டக்கூடும்.